இடுப்பு மூட்டு மாற்றியவர் வீடு திரும்பும் முன்: முதலில் உயரத்தை அளந்து பாருங்கள்

எழுபதைத் தாண்டிய வயதில் அம்மாவுக்கு வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். இப்போது கைத்தடி இல்லாமல் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் போய் வருகிறார். மருத்துவமனையில் பிசியோ சொல்லித் தந்ததெல்லாம் அங்கே இருந்த உயரமான கட்டிலுக்கும் கைப்பிடி வைத்த கழிவறைக்கும் பொருந்தியது. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சோபா தாழ்வு, கட்டில் தாழ்வு, கழிவறையும் தாழ்வு. அந்த வித்தியாசத்தை எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான் எழுதுகிறேன். முடிந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடங்குங்கள். விழுந்து எலும்பு முறிந்து அவசரமாக மாற்றியிருந்தால், அவர் வார்டில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

படி 1: மருத்துவரிடம் ஒரு கேள்வி

மூட்டை எந்தப் பக்கமாகத் திறக்கிறார்கள் என்று கேளுங்கள். பின்பக்கம் என்றால் பொதுவாக மூன்று தடைகள்: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, காலை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. சுற்றியுள்ள தசை ஆறும்வரை தொடை எலும்பின் உச்சியில் வைத்த புதிய பந்து, இடுப்பிலுள்ள கிண்ணத்தை விட்டு நழுவாமல் இருக்கத்தான் இவ்வளவும். பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் சொல்வார்கள். முன்பக்கம் என்றால் தடைகள் வேறு. கீழே வருவது பின்பக்க முறைக்கு.

படி 2: அளவு நாடா

நோயாளியை வீட்டுச் செருப்போடு நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கால் மடிப்பின் பின்பக்கம் வரை அளந்து பாருங்கள். அவர் உட்காரும் எதுவும் அதைவிட 5 செ.மீ. அளவாவது உயரமாக இருக்கட்டும். மெத்தை அமுங்கும், அதனால் யாரையாவது உட்கார வைத்துவிட்டு அளந்து பாருங்கள். பார்க்க உயரமாகத் தெரியும் சோபா பெரும்பாலும் இதில்தான் தோற்கும். குஷன் மேல் குஷன் அடுக்குவதை நான் ஏற்க மாட்டேன், அது வழுக்கும். இரண்டு பக்கமும் கை வைத்த, சக்கரமில்லாத, கெட்டியான நாற்காலி ஒன்று போதும்.

கழிவறைக்கு கமோடு நாற்காலி (நடுவில் ஓட்டையும் அடியில் வாளியும் உள்ளது) வாங்குங்கள். வாளியை எடுத்துவிட்டு அப்படியே டாய்லெட் மேல் நிறுத்தலாம். கால்களின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், பிடித்து எழக் கையும் இருக்கிறது. டாய்லெட் மேல் பொருத்தும் பிளாஸ்டிக் இருக்கை மலிவுதான், ஆனால் அதில் கைப்பிடி இல்லாதவை அதிகம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து, இத்தகைய சாதனங்களுக்கு ஏஐசி (ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு) வழியாக மானியம் உண்டு. வாங்குவதற்கு முன்பே மருத்துவமனையில் கேளுங்கள்.

குளியலறைக் கைப்பிடி, வழுக்காத தரை, சாய்தளம் எல்லாம் வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்தில் கிடைக்கும். சிங்கப்பூரர் குடும்பங்கள் வீட்டு வகையைப் பொறுத்துச் செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு கட்டினால் போதும். அறுவை சிகிச்சைத் தேதி கிடைத்ததும் விண்ணப்பியுங்கள்.

படி 3: உட்கார்ந்து எழுவது

எங்களைத் திணற வைத்தது இதுதான். நாற்காலி சரியாக இருந்தும் அம்மா எழும்போதெல்லாம் முகம் சுளித்தார். எழ நினைத்ததும் மார்பை முன்னால் சாய்ப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அப்படிச் சாயும்போது இடுப்பு 90 பாகையைத் தாண்டிவிடும். உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் இதேதான்.

எழும்போது முதலில் நாற்காலியின் விளிம்புக்கு நகர வேண்டும். ஆபரேஷன் செய்த காலை முன்னால் நீட்டி வைக்க வேண்டும். இரண்டு கைகளாலும் நாற்காலிக் கையை அழுத்தி, மற்ற காலில் பாரத்தைப் போட்டு எழ வேண்டும். வாக்கரை (பிடித்து நடக்கும் நான்கு கால் சட்டத்தை) இழுத்து எழக் கூடாது, அது கவிழும். நின்று நிதானித்த பிறகு வாக்கருக்குக் கையை மாற்றலாம். உட்காரும்போது தம் காலின் பின்பக்கத்தில் நாற்காலி படும்வரை பின்னால் வந்து, ஆபரேஷன் செய்த காலை முன்னால் நகர்த்தி, கையை ஊன்றி மெல்ல இறங்க வேண்டும்.

‘எழுந்திருங்கம்மா’ என்று கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். பணிப்பெண் இருந்தால் அவருக்கும் இதைச் செய்து காட்டுங்கள். பக்கத்தில் நின்றால் போதும்.

படி 4: படி, மேடு

பழைய வீடுகளில் குளியலறை வாசலில் ஒரு மேடு இருக்கும். ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் ஆபரேஷன் செய்த கால். வாக்கர் இருந்தால் எப்போதும் அது முன்னால் போகட்டும். பிறகு கைத்தடிக்கு மாறும்போது, மாற்றிய இடுப்புக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். மிதியடிகளை எடுத்துவிடுங்கள். நைட்டி கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். அரிசி டப்பா அடுப்படிக்குக் கீழே இருந்தால் மேலே ஏற்றுங்கள், இல்லையென்றால் கட்டாயம் குனிவார்.

சாலை கடக்கும் அளவுக்கு வந்ததும், கிரீன் மேன் பிளஸ் உள்ள சிக்னல்களில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் கடக்கக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

மாத்திரையும் மலச்சிக்கலும்

நம் வீடுகளில் இதைப் பேசக் கூச்சப்படுகிறோம். டிராமடால், கோடீன் போன்ற வலி மாத்திரைகள் மலச்சிக்கல் தரும். பப்பாளியும் தண்ணீரும் உதவும், ஆனால் மருத்துவரிடம் மலமிளக்கியும் கேளுங்கள். மலச்சிக்கலுக்குப் பயந்து வலி மாத்திரையை நிறுத்தினால் பயிற்சி நின்றுவிடும், அது இன்னும் மோசம்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காயம் சிவந்து கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, அல்லது திடீர் வலியோடு கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டு நிற்க முடியாமல் போவது: உடனே 995-இல் ஆம்புலன்சை அழையுங்கள்.

பின்சேர்க்கை

டாக்சியில் ஏறுவது எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். முன் இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளிச் சாய்க்கச் சொல்லுங்கள். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பை விரித்தால் வழுக்கித் திரும்ப எளிது. முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே கொண்டுவர வேண்டும். வண்டி கிளம்பும் முன் அந்தப் பையை உருவிவிடுங்கள்.

கோயிலுக்குப் போவது பற்றி இன்னொருவர் கேட்டார். கால் கழுவும் இடத்து ஈரத்தரைதான் பெரிய ஆபத்து, கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். விழுந்து கும்பிடுவது, சம்மணமிட்டு உட்காருவது இரண்டும் மருத்துவர் அனுமதிக்கும்வரை வேண்டாம். நாற்காலி கேட்டு வாங்கி உட்காருங்கள், அம்மா மறுத்தாலும் வற்புறுத்துங்கள்.