காய்கறி கழுவ பேக்கிங் சோடாவா, வினிகரா, உப்பா?

வீடியோவுல பாத்திருப்பீங்க, பேக்கிங் சோடாவ கொட்டி அதுமேலயே வினிகர ஊத்துவாங்க, புஸ்ஸுனு நுரை பொங்கும், மருந்தெல்லாம் போயிருச்சும்பாங்க. நானும் ரொம்ப நாள் அதத்தான் பண்ணேன். சோடா காரம், வினிகர் அமிலம், ரெண்டும் சேந்தா ஒன்னையொன்னு அடிச்சு காலி பண்ணிடும், நுரை பாக்க மட்டும்தான் நல்லாருக்கும். அதனால ஒரு நேரத்துல ஒன்னுதான்.

மொதல்ல சோப்பு போட்டு 20 செகண்ட் கை கழுவுங்க. (சோப்பு கைக்குத்தான், காய்க்கு இல்ல! காய் அத உறிஞ்சிக்கும்.) நறுக்குறதுக்கு முன்னாடியே கழுவிடணும், தோல் சீவப்போற காயா இருந்தாலும் சரி, இல்லன்னா கத்தியே மேல இருக்குற அழுக்க உள்ள கொண்டு போயிரும்.

அடுத்து குழாயத் தொறந்து ஓடுற தண்ணில கையால நல்லா தேய்ங்க, கேரட் உருளைக்கிழங்குக்கு ப்ரஷ். முக்காவாசி வேலை இங்கயே முடிஞ்சுரும்னுதான் நான் சொல்லுவேன்.

இப்ப ஊறவைக்கிறது. தக்காளி, வெள்ளரி, கத்திரிக்கா மாதிரி வழுவழு தோல் காய்க்கு 2 கப் தண்ணிக்கு 1 டீஸ்பூன் பேக்கிங் சோடா, 12லருந்து 15 நிமிஷம். 2017ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல ஆப்பிள வெச்சு இத பண்ணிப் பாத்தாங்க, மேல ஒட்டியிருந்த ரெண்டு வகை பூச்சிமருந்து போயிருச்சு, ஆனா தோலுக்குள்ள எறங்குனது போகல. அதனால இது மந்திரம்லாம் கெடையாது, சந்தேகமா இருந்தா தோல சீவிடுங்க.

கிருமிய கொறைக்கணும்னா 1 பங்கு வினிகருக்கு 3 பங்கு தண்ணி, அஞ்சு நிமிஷம் போதும், அப்புறம் வாசனை போற வரைக்கும் அலசணும்.

காலிஃப்ளவர் தான் பெரிய தலைவலி. பூவா பிரிச்சு, வெதுவெதுப்பான தண்ணில கை நெறைய உப்பப் போட்டு அமுக்கி வெச்சீங்கன்னா பத்து நிமிஷத்துல உள்ள ஒளிஞ்சிருந்த புழு வெளிய வந்துரும், மொத தடவ பாத்தப்போ எனக்கு ஒரு வாரம் காலிஃப்ளவரே வேணாம்னு ஆயிருச்சு. முட்டைகோஸ்ல மேல ரெண்டு இலைய உரிச்சுப் போட்டுடுங்க.

கீரையில பலபேர் பண்ற தப்பு, முக்கி வெச்ச தண்ணிய அப்படியே வடிகட்டில கவுத்துறது. அடில தங்குன மண்ணு திரும்ப கீரை மேலயே விழும். கீரைய கையால மேலாக அள்ளி எடுங்க, அப்புறம் தண்ணிய கொட்டுங்க, மண்ணு வர்றது நிக்குற வரைக்கும் ரெண்டு மூணு தண்ணி.

எதுல ஊறவெச்சாலும் கடைசியா ஒருவாட்டி நல்ல தண்ணில அலசி, துணில ஈரம் போக துடைங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்கப் போறீங்கன்னா கழுவாமயே வெச்சு சமைக்கும்போது கழுவுறதுதான் பெட்டர், ஈரத்தோட உள்ள போனா சீக்கிரம் அழுகிடும்.