பழைய ஃபிலிம் கேமரால ரோல் போடறதுக்கு முன்னாடி

பழைய கேமரா கைக்கு வந்ததும் ஆசையில உடனே ரோலை மாட்டிடாதீங்க, முதல்ல காலியாவே ஓட்டிப் பாக்கணும். பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தைப் பாத்து புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு ஸ்பீடா (ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கும்ங்கறது) ஷட்டரை அடிச்சுப் பாருங்க (ஷட்டர் திரையில விரல் படக்கூடாது). உள்ள எண்ணெய் காஞ்சிருந்தா பெரும்பாலும் ஸ்லோ ஸ்பீடுதான் முதல்ல மக்கர் பண்ணும், 1 செகண்ட் கொஞ்சம் இழுத்தா பரவால்ல, பகல்ல எடுக்க அது தேவையே படாது. கதவு ஓரத்து கருப்பு ஃபோம் பிசுபிசுன்னு கையில ஒட்டுச்சுன்னா மட்டும் மாத்தியே ஆகணும், இல்லன்னா வெளிச்சம் உள்ள பூந்து படத்துல ஆரஞ்சா கோடு விழும்.

அடுத்து வெளிச்சத்தை அளக்கற மீட்டர். 60, 70கள்ல வந்த நிறைய கேமரா 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்குன்னு செஞ்சது, அது இப்ப கிடைக்காது, 1.5 வோல்ட் போட்டா பல மாடல்ல ரீடிங் தப்பா வரும். காது மெஷின்ல போடற ஜிங்க் ஏர் பேட்டரி 1.4 வோல்ட், அது ஓரளவு சரியா வரும். மீட்டர் செத்தே போயிருந்தாலும் கவலை இல்ல, சுள்ளுன்னு வெயில் அடிச்சா லென்ஸ் துவாரத்தை எஃப் 16 வச்சு, ஃபிலிமோட ஐஎஸ்ஓ நம்பருக்கு (வெளிச்சத்துக்கு அது எவ்வளவு வேகமா பதியும்ங்கற அளவு) பக்கத்துல இருக்கற ஸ்பீடைப் போடுங்க, 200 ஃபிலிம்னா 1/250. லேசா மேகம்னா எஃப் 11, மேகம் மூடியிருந்தா எஃப் 8, நிழல்ல எஃப் 4. கலர் நெகட்டிவ்ல சந்தேகம்னா ஒரு ஸ்டாப் (அதாவது ரெண்டு மடங்கு) கூடவே வெளிச்சம் குடுங்க, அது தாங்கும், குறைஞ்சாதான் நிழலெல்லாம் சேறு மாதிரி ஆயிடும். ஸ்லைடு ஃபிலிம் (நெகட்டிவ் இல்லாம நேரடியா படமாவே வரது) அப்படித் தாங்காது, மீட்டர் செத்த கேமரால அதைப் போடவே வேணாம்னு சொல்வேன்.

ரோல் மாட்டறப்போ ரெண்டு பக்க ஓட்டையும் பல்லுல உக்காந்துச்சான்னு பாத்துட்டு கதவை மூடுங்க. ரீவைண்ட் குமிழை மெதுவா சுத்தி தொய்வை எடுத்துட்டு ஃபிலிமை நகர்த்தற லீவரை இழுத்தீங்கன்னா குமிழும் கூடவே எதிர்ப்பக்கமா சுத்தணும். சுத்தலைன்னா ஃபிலிம் நகரவே இல்லன்னு அர்த்தம், கவுண்டர் பாட்டுக்கு 36 வரைக்கும் ஏறும், அதை நம்பாதீங்க.

ரோல் முடிஞ்சு லீவர் இறுகினா வலுக்கட்டாயமா இழுக்காதீங்க, கிழிஞ்சுடும். அடியில உள்ள பட்டனை அமுக்கிட்டு குமிழை அம்புக்குறி பக்கமா சுத்துங்க, டக்குனு லூசானதும் இன்னும் ரெண்டு சுத்து, வால் முழுசா உள்ள போயிடணும். வெளியில நீட்டிக்கிட்டு இருந்தா புது ரோல்னு நினைச்சு மறுபடி மாட்டிடுவீங்க.