போர் முடிந்த ஊருக்கு அதிகாரிகளை அனுப்பும் முன்: பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சண்டை ஓய்ந்த ஊரில் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும், கோர்ட் நடக்க வேண்டும், கரண்ட் வர வேண்டும். இதற்கு ராணுவத்தாரையும் சிவில் அதிகாரிகளையும் தயார்செய்வது தனி வித்தை. அதில் எப்படியெல்லாம் சறுக்கலாம் என்று தெரிந்துகொள்ள இராக்கும் ஆப்கானிஸ்தானும் போதும். அமெரிக்கா தன் தவறுகளைத் தானே எழுதியும் வைத்திருக்கிறது. ஆப்கன் மறுகட்டமைப்புச் செலவைக் கண்காணிக்க 2008இல் ஒரு தனி ஆய்வாளர் அலுவலகம் அமைத்தார்கள். அதன் அறிக்கைகளைப் படித்தால் முதலில் சிரிப்பு வரும், அப்புறம் வயிற்றெரிச்சல்தான்.

தாகமெடுத்த பிறகு கிணறு வெட்டுவது முதல் தவறு. இரண்டாம் உலகப் போரின்போது இந்தத் தவறு நடக்கவில்லை. 1942 மே மாதமே வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கைப்பற்றும் ஊர்களை ராணுவம் நிர்வகிப்பது எப்படி என்று கற்றுத்தர ஒரு பள்ளி தொடங்கிவிட்டார்கள். ஜெர்மனி சரணடைய அப்போது இன்னும் 3 ஆண்டு இருந்தது. இராக்கில் கதை தலைகீழ். போருக்குப் பிந்தைய நிர்வாகத்துக்கான அலுவலகம் 2003 ஜனவரியில் பிறந்தது, மார்ச்சில் போர். இராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் மே 12 அன்று பாக்தாத் வந்தார், 16ஆம் தேதி சதாம் உசேனின் பாத் கட்சிக்காரர்களைப் பதவிநீக்கும் உத்தரவைப் போட்டார். 23ஆம் தேதி ராணுவத்தையே கலைத்தார். கட்சியில் பெயர் இல்லாமல் வேலையில் மேலே வர முடியாத நாடு அது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் அந்த வலையில் சிக்கி வேலை இழந்தார்கள். அந்நாட்டு அலுவலகங்களை நடத்துவது யார் என்ற பாடத்தை முதலில் படித்திருக்க வேண்டும்.

கையில் கிடைத்த ஆளை அனுப்புவது அடுத்தது. ஆப்கன் போலீஸுக்குப் பயிற்சி தரப் போன அமெரிக்க அதிகாரி ஒருவர், போலீஸ் வேலை எப்படி என்று தெரிந்துகொள்ள டிவி தொடர்களைப் பார்த்தாராம். அந்த ஆய்வாளர் அறிக்கையிலேயே இருக்கிறது இது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, சிப்பாயைப் போலீஸ் வாத்தியாராக அனுப்பினால் அவர் வேறு என்னதான் செய்வார்?

மொழி விஷயத்தில் இதைவிட நுணுக்கமான தவறு ஒன்று உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறைக் கணக்குப்படி ஆப்கன் மொழிகளான பஷ்தோவையோ தாரியையோ வேலைக்குப் போதுமான அளவு கற்க 44 வாரம் வேண்டும். அத்தனை காலம் யாருக்கும் கிடைக்காது, மொழிபெயர்ப்பாளர்தான் கதி. சரி, அவரை வைத்துப் பேசவாவது பழக்க வேண்டாமா? பழகாத அதிகாரி, எதிரே ஊர்ப் பெரியவர் உட்கார்ந்திருக்க, மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பி, "கிணறு வேண்டுமா என்று அவரிடம் கேள்" என்பார். பெரியவர் அங்கே இல்லாத மாதிரி. அவர் முகம் பார்த்து, "உங்கள் ஊருக்கு முதலில் எது வேண்டும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வாக்கியம். நடுவில் அமைதி விழுந்தால் அதை நிரப்பக் கூடாது. இதை நாற்காலி போட்டு, ஆள் வைத்து, இருபது தடவை செய்துபார்த்தால்தான் உடம்பில் ஏறும். ஸ்லைடு போட்டுச் சொல்லிக்கொடுத்தால் வராது.

ராணுவத்துக்கு ஒரு வகுப்பு, சிவிலியனுக்கு ஒரு வகுப்பு என்று பிரிப்பதும் வழக்கமான பிழை. களத்தில் ஒரே கூடாரத்தில் இருக்கப் போகிறவர்கள் முதன்முறை சந்திப்பது விமான ஓடுதளத்தில் என்றால், முதல் மூன்று மாதம் சண்டை அவர்களுக்குள்தான். வியட்நாமில் 1967இல் அமெரிக்கர்கள் தங்கள் இரு தரப்பையும் ஒரே அதிகாரச் சங்கிலியில் கட்டினார்கள். கர்னலின் ஆண்டு மதிப்பீட்டைச் சிவிலியன் மேலதிகாரி எழுதினார், மறுபுறமும் அப்படியே. போர் தோற்றது வேறு கதை, இந்த ஏற்பாடு மட்டும் உருப்படியானது.

ஓராண்டு முடிந்ததும் ஆளை மாற்றுவது பயிற்சியின் குற்றம் இல்லைதான். ஆனால் பொறுப்பை ஒப்படைப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை. எந்தப் பெரியவருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்பது போனவர் தலையோடு போய்விடும். புதிதாக வந்தவர் அதே பெரியவரிடம் அதே கேள்வியோடு போய் நிற்பார்.

செலவழித்த பணத்தையே வேலை என்று எண்ணப் பழக்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். நான் பாடத்திட்டம் போட்டால் தெற்கு ஆப்கானிஸ்தானில் ஹெல்மண்ட் மாகாணத்தின் கஜாகி அணையைக் கடைசிப் பயிற்சியாக வைப்பேன். 2008இல் ஆயிரக்கணக்கான வீரர்கள் காவலுடன் ஒரு டர்பைனைத் துண்டு துண்டாக அங்கே கொண்டுசேர்த்தார்கள். சாகசம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதைப் பொருத்தத் தேவையான நூற்றுக்கணக்கான டன் சிமென்ட் வரும் சாலையைக் காக்க ஆள் இல்லை. டர்பைன் பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. பழைய இயந்திரங்கள் தந்த மின்சாரத்திலும் ஒரு பங்கு தாலிபான் கையில் இருந்த ஊர்களுக்குப் போனது. அங்கே கரண்ட் பில் வசூலித்தது தாலிபான்.