சரக்கு கப்பலில் ஏறும் முன்பே முடிக்க வேண்டிய வேலை: முதல் கன்டெய்னர் இறக்குபவருக்கு

"அண்ணே, கப்பல் வந்துடுச்சாம். நாளைக்கே சரக்கை எடுத்துடலாமா?"

மாதத்தில் நாலு தடவையாவது இந்த ஃபோன் எனக்கு வரும். மண்ணடியில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில், அதாவது இறக்குமதியாளருக்காகச் சுங்கத்துறை வேலையை முடித்துக் கொடுக்கும் ஆபீஸில், 21 வருடமாக இருக்கிறேன். புரோக்கரின் ஆட்களுக்குச் சுங்கத்துறை தரும் அட்டையில், பரீட்சை எழுதாதவருக்கான எச் கார்டில் சேர்ந்தேன், பரீட்சை எழுதி இப்போது ஜி கார்டு. ஃபோன் செய்பவர் பெரும்பாலும் அம்பத்தூரிலோ திருமுடிவாக்கத்திலோ பட்டறை வைத்திருப்பவர். சேர்த்த பணத்தைப் போட்டு முதல் மெஷினை வெளிநாட்டில் இருந்து வரவழைத்திருப்பார். அந்தக் கேள்வியை அவர் ஒரு மாதம் முன்பே கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சுங்கத்துறை முதலில் பார்ப்பது உங்கள் காகிதத்தை. சரக்கைப் பார்ப்பது அப்புறம்தான், அதுவும் எல்லோருடையதையும் இல்லை. காகிதம் சரியாக இருந்தால் பெட்டியைத் திறக்காமலே வண்டி ஏற்றிவிடலாம்.

இறக்குமதி செய்பவருக்கு அரசு தரும் ஐ.இ.சி. எண்ணில் தொடங்குங்கள். வெளிநாட்டு வர்த்தகத் துறையான டி.ஜி.எஃப்.டி.யின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டினால் கிடைக்கும். உங்கள் பான் எண்ணேதான் ஐ.இ.சி. எண். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் இருந்து ஜூனுக்குள் உள்ளே போய் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் மறந்தால் எண் முடங்கிவிடும். சரக்கு நடுக்கடலில் இருக்கும்போது இது தெரியவந்து தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது எச்.எஸ். கோடு, பொருளின் வகையைச் சொல்லும் எண். என் அனுபவத்தில் பாதித் தொல்லை இங்கேதான். முதல் 6 இலக்கம் உலகம் முழுக்கப் பொது, நம் நாட்டில் அதை 8 இலக்கமாக நீட்டியிருக்கிறார்கள். சப்ளையர் போட்ட கோடை அப்படியே நம்பாதீர்கள். அது அவர் ஊர் ஏற்றுமதிக்குப் போட்டது. அம்பத்தூர் அண்ணன் ஒருவருக்கு 14 பெட்டி வந்தது. இன்வாய்ஸில் மொத்தமாக 'மெஷின் பார்ட்ஸ்' என்று ஒரே வரி. பேக்கிங் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பிரித்தோம். போல்ட், ஸ்க்ரூ எல்லாம் 7318. பேரிங் 8482. ரப்பர் கேஸ்கெட் 4016. அந்த மெஷினுக்காகவே தனியாகச் செய்த பாகங்கள் மட்டும்தான் பார்ட்ஸ் கோடில் நின்றன. போல்ட்டும் பேரிங்கும் எந்த மெஷினுக்குப் போனாலும் போல்ட்டும் பேரிங்கும்தான், அதுதான் விதி. நாங்கள் அவசரப்பட்டு ஒரே வரியில் ஃபைல் செய்திருந்தால் கேள்வி மேல் கேள்வி வந்திருக்கும். ஆகவே இன்வாய்ஸில் பொருளின் பெயர், எதனால் செய்தது, எந்த மெஷினுக்கு, மாடல் நம்பர் என்ன என்று வரி வரியாக எழுதச் சொல்லுங்கள். கேட்லாக்கும் வாங்கி வையுங்கள்.

கோடு தெரிந்ததும், அந்தப் பொருளுக்கு வேறு அனுமதி வேண்டுமா என்று பாருங்கள். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் அனுமதி. பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பாக்கெட்டில் விற்கும் பொருளுக்கு இறக்குமதியாளர் பெயர், எம்.ஆர்.பி. போன்றவை லேபிளில் இருக்க வேண்டும்.

மரப்பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நானே அடிபட்டிருக்கிறேன். சில வருடம் முன்பு ஒரு மெஷின் பளபளவென்று வந்து இறங்கியது, காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது உட்கார்ந்திருந்த பேலட்டில் (மரத் தட்டில்) முத்திரை இல்லை. கோதுமைக் கதிர் மாதிரி ஒரு சின்னம், பக்கத்தில் நாட்டின் இரண்டெழுத்து, கீழே வெப்பத்தில் பதப்படுத்தியது என்றால் 'எச்.டி.' என்ற எழுத்து, இவை இருப்பதுதான் அந்த முத்திரை. மரத்துக்குள் பூச்சி இல்லை என்பதற்கு அது சாட்சி. அது இல்லாததால் தாவரப் பாதுகாப்புத் துறையிடம் போய், புகைமூட்டம் போட்டு, அனுமதி வாங்கி வருவதற்குள் வாடகை ஏறிவிட்டது. அன்றிலிருந்து சரக்கு ஏற்றும் முன்பே பேலட்டின் முத்திரையைக் கிட்டத்தில் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

இனி பில் ஆஃப் என்ட்ரி, இறக்குமதிக்காகச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் படிவம். கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் ஃபைல் ஆகியிருக்க வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அதற்குப் பிறகு தினம் 10,000. ஃபைல் செய்யும் முன் சரிபார்க்கச் சொல்லி புரோக்கர் செக்லிஸ்ட் அனுப்பும்போது தயவுசெய்து படித்துப் பாருங்கள். 'ஓகே' என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். கன்டெய்னர் நம்பர் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும். அதில் ஒன்று மாறினாலும் கப்பல்காரர் கொடுத்த மேனிஃபெஸ்ட்டோடு (சரக்குப் பட்டியலோடு) ஒட்டாது.

வரிக்கணக்கை ஆர்டர் போடும் முன்பே போட்டுவிடுங்கள். சரக்கு விலையோடு கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்ததுதான் மதிப்பு. அது 10 லட்சம், அடிப்படை வரி 7.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரி 75,000. அதில் பத்தில் ஒரு பங்கு சமூக நல சர்சார்ஜ் 7,500. இவை சேர்ந்த 10,82,500-க்கு 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. 1,94,850. மொத்தம் 2,77,350 ரூபாய் கையில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள தொழிலுக்கு ஐ.ஜி.எஸ்.டி. பெரும்பாலும் வரவில் திரும்பும், ஆனால் அன்றைக்குக் கட்டியே ஆக வேண்டும். கட்டத் தவறினால் வருடத்துக்கு 15 சதவீதம் வட்டி. விலையைக் குறைத்துக் காட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். அந்த ஃபைலை நான் தொடமாட்டேன். அதே பொருள் அதே நாட்டில் இருந்து என்ன விலைக்கு வருகிறது என்பது சுங்கத்துறையின் கணினியில் இருக்கிறது. ஒரு தடவை பெயர் கெட்டால் அடுத்த பத்து கன்டெய்னருக்கும் அது கூடவே வரும்.

அந்தக் கணினிதான் எந்த பில் நேரே போகலாம், எதை அதிகாரி பார்க்க வேண்டும், எந்தப் பெட்டியை ஸ்கேன் செய்ய வேண்டும் அல்லது திறக்க வேண்டும் என்று பிரிக்கிறது. அதன் கணக்கு முழுசாக வெளியே தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். நான் சேர்ந்த காலத்தில் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக நிற்போம். 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும் முகம் பார்க்காத மதிப்பீடு தொடங்கியது. இப்போது உங்கள் பில்லை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி பார்க்கலாம். அவருக்கு நேரில் விளக்கம் சொல்ல முடியாது. சுங்கத்துறையின் இ-சஞ்சித் தளத்தில் ஏற்றிய காகிதம்தான் உங்களுக்காகப் பேசும்.

எக்ஸாமினேஷன், அதாவது பெட்டியைத் திறந்து பார்க்கும் சோதனை, வந்தால் பதறாதீர்கள். மாதவரம் பக்கம் சி.எஃப்.எஸ்.ஸில் (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் வைக்கும் கிடங்கில்) காலையில் பெட்டியை இறக்கி வைப்பார்கள். கதவில் விரல் தடிமனில் ஒரு சீல் இருக்கும். அதிகாரி முதலில் அதன் எண்ணை, கப்பல் கம்பெனி கொடுக்கும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கோடு சரிபார்ப்பார், இழுத்தும் பார்ப்பார். பிறகுதான் கட்டரால் வெட்டுவார்கள். கதவு திறந்ததும் உள்ளிருந்து வரும் சூட்டில் முகம் காயும். சொன்ன பொருளும் சொன்ன எண்ணிக்கையும் இருந்தால் அன்றைக்கே முடிந்துவிடும்.

இந்தக் கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு மணலியை நினைவுபடுத்துவேன். 2015-ல் சென்னையில் சுங்கத்துறை பிடித்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் என்ற வெடிக்கக்கூடிய ரசாயனம் அங்கே ஒரு சி.எஃப்.எஸ்.ஸில் இருந்தது. 2020 ஆகஸ்ட்டில் பெய்ரூட் துறைமுகத்தில் அதே ரசாயனம் வெடித்த பிறகுதான் அது ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டே ஆக வேண்டும். அக்கம்பக்கத்தில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

இன்னொன்று. 'கஸ்டம்ஸில் இருந்து பேசுகிறோம், பார்சலை விட இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்' என்று யாராவது கேட்டால் ஃபோனை வைத்துவிடுங்கள். துறை அனுப்பும் கடிதத்தில் டி.ஐ.என். என்று ஓர் எண் இருக்கும், அதை சுங்க வாரியமான சி.பி.ஐ.சி.யின் தளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். உங்கள் கன்டெய்னருக்கான வரியை சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளம் வழியாகத்தான் கட்ட வேண்டும்.

வரி கட்டியதும் சரக்கை எடுக்கலாம் என்ற அனுமதி, அவுட் ஆஃப் சார்ஜ், கிடைக்கும். கப்பல் கம்பெனியான லைனிடம், பெட்டியைக் கொடுக்கச் சொல்லும் டி.ஓ. சீட்டை அதற்கு முன்பே கேட்டு வைத்துவிடுங்கள். அசல் பில் ஆஃப் லேடிங் பேங்கில் மாட்டியிருந்தால் இங்கேதான் நாள் போகும். வண்டியை முந்தைய நாளே பேசிக்கொள்ளுங்கள். சரக்கு பட்டறைக்குப் போன பிறகும் பெட்டி லைனுடையதுதான். காலிப் பெட்டியை அவர்கள் சொன்ன யார்டில் இறக்கி, டிரைவரிடம் ரசீதை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது வரும்வரை டிட்டென்ஷன், அதாவது பெட்டிக்கான தாமத வாடகைக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.