ஒரே ஆளுக்கு மூன்று ஃபைல் விழாமல் இருக்க

கோபி, தாராபுரம், பொள்ளாச்சி பக்கத்துச் சிறு மருத்துவமனைகள் நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறும்போது சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கத்தான் மண்டையை உடைத்துக்கொள்கின்றன. உண்மையில் எல்லாம் கெடுவதும் நேராவதும் பதிவு மேசையில்தான். ஒருவருக்கு இரண்டு ஃபைல் இருந்தால், பென்சிலின் ஒவ்வாமை ஒன்றில் கிடக்கும்; டாக்டர் மற்றதைத் திறந்து மருந்து எழுதுவார்.

கொங்குப் பக்கம் பழனிசாமியும் பொன்னுசாமியும் இல்லாத ஊர் கிடையாது. தாத்தா பெயரையே பேரனுக்கும் வைக்கிறோம். ஆங்கிலத்தில் அடிக்கும்போது ‘சாமி’யில் ஒருவர் டபிள்யூ சேர்ப்பார், ஒருவர் விடுவார், இனிஷியல் ஒருநாள் முன்னால், ஒருநாள் பின்னால். அதனால் பெயரைத் தமிழில், அடையாள அட்டையில் உள்ளபடி அடியுங்கள். இனிஷியலுக்குத் தனிக் கட்டம். வயதுக்குப் பதில் பிறந்த ஆண்டு. குத்துமதிப்பாகச் சொன்னால் அதையும் குறியுங்கள். ஊரோடு தோட்டத்தின் பெயரும் வேண்டும். போன் நம்பர் வாங்கும்போது, “இது உங்க நம்பருங்களா, பையன் நம்பருங்களா?” என்று கேட்டுப் பதியுங்கள். மாமியார், மருமகள், பேரன் மூவருக்கும் ஒரே நம்பர் இருப்பது சாதாரணம். அந்த நம்பர் வீட்டைக் காட்டும், ஆளைக் காட்டாது. 14 இலக்க ஆபா எண் (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) இருந்தால் அதையும் சேருங்கள். அது கட்டாயமில்லை, இல்லாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

புது ஃபைல் போடும் முன் போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கம், பிறந்த ஆண்டு, ஊர் என்ற வரிசையில் தேடுங்கள். முழுப் பெயரில் தேடினால் ஓர் எழுத்து மாறினாலும் சிக்காது. இரட்டை ஃபைல் கிடைத்தால் பழைய ஃபைல் எண்ணை வைத்துப் புதியதை அதோடு இணையுங்கள், எதையும் அழிக்காதீர்கள். பெயரும் ஊரும் ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் இணைக்கவே கூடாது. இரண்டு ஃபைல் இருந்தால் தகவல் விட்டுப்போகும்; இரண்டு ஆட்கள் ஒரே ஃபைலில் கலந்தால் ஒருவர் ரத்த வகை இன்னொருவர் பெயரில் நிற்கும். அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

லேப் ரிசல்ட்டில் அளவு, அலகு, ரத்தம் எடுத்த தேதி, வெறும் வயிறா சாப்பிட்ட பிறகா என்பதற்குத் தனித்தனிக் கட்டம் வையுங்கள். சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்பதும் லிட்டருக்கு 7 மில்லிமோல் என்பதும் ஒன்றுதான் (18 ஆல் வகுக்க வேண்டும்); அலகு இல்லாத வெறும் ‘7’ ஹெச்பிஏ1சி-யோ (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) என்று குழப்பும். ரத்த அழுத்தத்தின் இரண்டு எண்களும் இரண்டு கட்டங்களில் போகட்டும். பரிசோதிக்கவில்லை என்றால் காலியாக விடுங்கள். 0 போட்டால் சராசரியே சரிந்துவிடும்.

எக்செல் பயன்படுத்துகிறவர்கள் எண்களை உள்ளிடும் முன்பே ஆபா எண் பத்தியை ‘டெக்ஸ்ட்’ ஆக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் 14 இலக்கம் 9.1E+13 போலச் சுருங்கும். அப்படியே சிஎஸ்வி-யாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான். தேதியை 2024-04-03 என்று ஆண்டு முதலில் வர எழுதுங்கள். 03/04 என்றால் ஒரு கம்ப்யூட்டர் ஏப்ரல் என்னும், இன்னொன்று மார்ச் என்னும். மரபணு ஆராய்ச்சியாளர்களையே எக்செல் படுத்தியிருக்கிறது: ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக்கியதால், 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்குத் தரவு கேட்டால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தை முதலில் வாங்குங்கள். பெயர், போன், ஆபா எண், தோட்டம் ஆகியவற்றை நீக்கி ஆய்வு எண் கொடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் மருத்துவமனையைத் தாண்டக் கூடாது. பிறந்த ஆண்டை 40–49 போன்ற வயது வரம்பாக்குங்கள். ஊரை எடுத்துவிட்டுத் தாலுகாவை மட்டும் வையுங்கள்: சின்ன ஊரில் ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத அரிய நோய்) உள்ளவர் ஒருவர்தான் என்றால், பெயரே இல்லாவிட்டாலும் அது யாரென்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.