எதிர்பாராமல் முயல் குட்டி போட்டுவிட்டால்

கூண்டுக்குள் குட்டிகளைப் பார்த்ததும் எல்லாரும் குட்டிகளைத்தான் எண்ண ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் ஆண் முயலைத் தூக்கி வேறு கூண்டில் விடச் சொல்வேன். முயலுக்கு இணைசேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளிவரும். குட்டி போட்ட அன்றைக்கே அது மறுபடியும் சினை பிடித்துவிடும். ஏறக்குறைய 31 நாளில் அடுத்த ஈத்து. "ரெண்டுமே பெட்டைன்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க அக்கா" என்று எங்கள் தெருப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். சின்ன வயதில் முயலின் ஆண், பெண் பார்ப்பது கடைக்காரருக்கே தவறும். எது ஆண் என்று சந்தேகமாக இருந்தால், கூட இருக்கும் இன்னொரு முயலை எதுவானாலும் பிரித்துவிடுங்கள்.

அடுத்து, தாய்க்கு ஒரு கொத்து முருங்கைக்கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, கையைச் சோப்பில்லாமல் கழுவி, அதன் கூண்டு வைக்கோலிலேயே தேய்த்துக்கொண்டு குட்டிகளைப் பாருங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். வீட்டில் வளரும் முயலுக்கு உங்கள் வாசனை பழகியதுதான். செத்த குட்டிகளையும் ரத்தம் பட்ட வைக்கோலையும் எடுத்துவிடுங்கள். கம்பித் தரையில் தனியாகக் கிடக்கும் குட்டி சில்லென்று இருந்தால், செத்துவிட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். உள்ளங்கைக்குள் வைத்து, இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, மெதுவாகச் சூடேற்றுங்கள். அசையாமல் கிடந்தவை அப்படி நெளிய ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன். உடம்பு சூடேறும் வரை வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பெட்டி பெரிய விஷயமில்லை. பழக்கடை மரப்பெட்டியோ கெட்டியான அட்டைப்பெட்டியோ போதும். தாய் தாண்டி ஏறும் உயரம், குட்டி தாண்டாத உயரம். அடியில் காய்ந்த வைக்கோல், மேலே தாய் தன் வயிற்றிலிருந்து பிடுங்கிப் போட்ட ரோமம். அந்த ரோமத்தை அழுக்கென்று வீசிவிடாதீர்கள், அதுதான் குட்டிகளுக்குப் போர்வை. பஞ்சும் நூல் பிரியும் துணியும் வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும். வெறும் செய்தித்தாளும் வேண்டாம். வழுக்கி வழுக்கிக் குட்டியின் கால்கள் அகன்றே நின்றுவிடும்.

எங்கள் மதுரையில் குளிரைவிட எறும்புதான் எமன். கண் திறக்காத குட்டியை ஒரே இரவில் முடித்துவிடும். கூண்டின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள், கூண்டு சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. எறும்புப் பொடி, எறும்பு சாக்பீஸ் எதையும் கூண்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பூனை, எலி, பாம்புக்கு நெருக்கமான வலை அடியுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைக்கவே வேண்டாம். குட்டிகள் ரோமத்தை விட்டு மேலே வந்து பிரிந்து பிரிந்து கிடந்தால் வெக்கை தாங்கவில்லை என்று அர்த்தம், ரோமத்தைக் கொஞ்சம் குறையுங்கள். தாய்க்கு ஐஸ் ஆக்கிய தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, குட்டிகளுக்கு எட்டாத மூலையில் போடுங்கள்.

இனி எல்லாரும் பதறுகிற இடம்: "தாய் கிட்டவே போக மாட்டேங்குது." போகாது. முயல் குட்டிகளின் மேல் படுத்து அடைகாக்கும் பிராணி இல்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, பெரும்பாலும் விடிவதற்கு முன்னால், மூன்று நான்கு நிமிடம் பால் கொடுத்துவிட்டு விலகிப் போய்விடும். காட்டில் வளை தோண்டி வாழ்ந்த காலத்துக் குணம் அது. அடிக்கடி போய் வந்தால் நரிக்கு வழி காட்டியதாகிவிடும். நல்ல தாய்தான், குறை சொல்லாதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது குட்டியின் வயிற்றை. காலையில் வயிறு உருண்டு, தோலுக்குள் பால் வெள்ளையாகத் தெரிந்தால் மூடி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். வயிறு ஒட்டி, தோல் சுருங்கியிருந்தால்தான் கவலை. சமையலறைத் தராசு இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். எடை ஏறிக்கொண்டே போக வேண்டும்.

வயிறு ஒட்டியிருந்தால், காலையும் மாலையும் தாயைப் பெட்டிக்குள் விட்டு முதுகைத் தடவிக்கொண்டே நில்லுங்கள், குட்டிகள் தானாகக் காம்பைத் தேடிப் பிடிக்கும். அதுவும் நடக்கவில்லையென்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். வீட்டுப் பசும்பாலைச் சங்கில் புகட்டும் வேலை வேண்டவே வேண்டாம். புட்டிப்பாலில் வளரும் முயல் குட்டிகளில் நிறைய தவறிவிடும், இதை முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. மருத்துவர் சொல்லும் பாலைக் கொடுக்கும்போதும் குட்டியை மல்லாத்தக் கூடாது. வயிறு கீழே இருக்கும்படி பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும்.

தாயையும் கவனியுங்கள். தண்ணீரும் காய்ந்த புல்லும் எந்நேரமும் இருக்கட்டும். பால் கொடுக்கும் காலத்தில் வேலிமசால், குதிரைமசால் போன்ற பசுந்தீவனம் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். அரை நாளாக எதையும் தொடவில்லை, மடி சூடாகக் கட்டியிருக்கிறது என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

ஒரு வாரத்தில் ரோமம் முளைக்கும். 10 முதல் 12 நாளில் கண் திறக்கும். பீளை ஒட்டித் திறக்காவிட்டால் காய்ச்சி ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். மூன்றாவது வாரம் பெட்டியை விட்டுக் குதித்துத் தாயின் தீவனத்தைக் கடிக்கும். அந்த நேரத்தில் ஆசைப்பட்டு கேரட்டும் முட்டைக்கோஸும் அள்ளிப் போட்டால் கழிச்சல் வந்து ஒன்றொன்றாகச் சாகும். காய்ந்த புல்தான் முக்கியம், கீரை ஒன்றிரண்டு இலையோடு தொடங்கட்டும்.

எட்டு வாரம் தாயோடு விடுங்கள். கண்காட்சி மாதிரி ஒரு மாதக் குட்டியைக் கூடையில் வைத்துக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. பத்தாவது வாரத்துக்குள் ஆணையும் பெண்ணையும் மருத்துவரிடமே காட்டித் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். மூன்றரை மாதத்தில் கூடப்பிறந்தவையே சினை பிடிக்கும். பூங்காவிலோ தோப்பிலோ கொண்டு விடாதீர்கள், வீட்டு முயலுக்கு அங்கே நாய்க்குத் தப்பத் தெரியாது. ஜோடியாகக் கேட்பவர்களுக்கு இரண்டு பெட்டையாகவே கொடுக்கிறேன். கூடவே இங்கே தின்று பழகிய தீவனத்தில் ஒரு வாரத்துக்கானதைக் கட்டிக் கொடுத்து, புதுத் தீவனத்தை அதோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொல்லி அனுப்புகிறேன்.