‘ஹேவ்’ என்றால் ‘இரு’: தமிழ் வழியாக ஒரு ஆங்கில வினை

கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற பஸ்ஸில் கண்டக்டர் “சில்லறை இருக்கா?” என்கிறார். “இருக்கு” என்கிறீர்கள். இருப்பது யார்? சில்லறைதான், அதுதான் எழுவாய். நீங்கள் ‘என்கிட்ட’ என்று ஓரமாக நிற்கிறீர்கள். ஆங்கிலத்தில் ஆளை முன்னால் நிறுத்தி, சில்லறையைச் செயப்படுபொருளாக்கி, நடுவில் ஒரு வினையைப் போடுகிறார்கள்: ‘ஐ ஹேவ் சேஞ்ச்’. அதற்கு நேரான வினை தமிழில் கிடையாது, குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

நம்மிடம் கொஞ்சம் பக்கத்தில் வருவது ‘வச்சிருக்கேன்’. ‘பைக் வச்சிருக்கேன்’ என்பதை அப்படியே மாற்றப் போய்த்தான் ‘ஐ ஆம் ஹேவிங் எ பைக்’ பிறக்கிறது என்பது என் சந்தேகம். உடைமை, உறவு, உடம்புக்கு வருவது எதற்கும் ‘ஹேவிங்’ வேண்டாம். ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’, ‘ஷீ ஹேஸ் எ ஃபீவர்’, அவ்வளவுதான். சாப்பிடுவது, குளிப்பது மாதிரி நடந்துகொண்டிருக்கும் வேலை என்றால் தாராளமாகப் போடலாம்: ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’. கேள்வியில் ‘டஸ்’ வந்தால் ‘ஹேஸ்’ வராது, ‘டஸ் ஷீ ஹேவ்’தான், ‘டிட்’, ‘வில்’ இவற்றுக்குப் பின்னாலும் அதே ‘ஹேவ்’.

இனிமேல்தான் சுவாரசியம். ‘இந்தப் படம் பார்த்திருக்கேன்’ என்பதில் கடைசியில் என்ன ஒட்டியிருக்கிறது? அதே ‘இரு’. ஆங்கிலத்திலும் அதே ‘ஹேவ்’: ‘ஐ ஹேவ் சீன் திஸ் ஃபில்ம்’. ‘போக வேண்டியிருக்கு’ என்பதிலும் இரு, ‘ஐ ஹேவ் டு கோ’. (இந்த ‘ஹேவ் டு’வை வாயால் சொல்லும்போது ‘ஹேஃப் டு’ என்றுதான் வரும்.) ஆக மூன்று வேலைக்கும் நாம் ‘இரு’வை அனுப்புகிறோம், அவர்கள் ‘ஹேவ்’ஐ அனுப்புகிறார்கள். தடுமாறும்போது மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள், ‘இரு’ தலைகாட்டினால் பாதி வழி வந்தாயிற்று.

பாதி வழிதான், ஏனென்றால் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘நேத்து பாண்டிச்சேரி போயிருந்தேன்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அதை ‘ஐ ஹேட் கான்’ என்று மாற்றினால் எதிரில் இருப்பவர் ‘அப்புறம்?’ என்று காத்திருப்பார், காரணம் ‘ஹேட் கான்’ என்பது கடந்த காலத்தில் இன்னொரு சம்பவத்துக்கு முன்னால் நடந்ததற்கு. நேற்று என்று நாளைச் சொல்லிவிட்டால் ‘ஐ வென்ட்’ போதும். ‘ஐ ஹேவ் கான் எஸ்டர்டே’யும் கூடாது.

புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. பிரெஞ்சில் ‘ஹேவ்’ வேலையைப் பார்க்கும் ‘அவ்வார்’ (avoir) வயதுக்கும் பசிக்கும்கூட வரும். அந்தப் பழக்கத்தில் ‘ஐ ஹேவ் ட்வென்டி இயர்ஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் வயதுக்கும் பசிக்கும் ‘ஐ ஆம்’தான்.

கடைசியாக ஒன்று. சலூனுக்குப் போய்விட்டு வந்து ‘முடி வெட்டினேன்’ என்கிறோம், வெட்டியது வேறு ஆள் என்றாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்று சொல்லுங்கள். ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கத்தரிக்கோல் உங்கள் கையில் இருந்ததாகத்தான் நினைப்பார்கள்.